மேசை மேல் நாலு பலகை: கையடக்கக் கேம் கருவிக்கு எதை எடுப்பது?

மேசை மேல் நாலு சாமான்கள் கிடக்கின்றன. முதலாவது ஒரு ஜாய்ஸ்டிக். அதன் வயிற்றுக்குள் கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டாவது, நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த ஒரு டிவி கேம் பலகை. மூன்றாவது, இரண்டு விரல் அகலத்தில் ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினி. நாலாவது, இன்னும் உறை பிரிக்காத ஒரு எஃப்.பி.ஜி.ஏ பலகை, அதாவது நமக்கு வேண்டிய சுற்றை வார்த்துக்கொள்ளக்கூடிய சிப் கொண்டது. இவற்றில் ஒன்றோடு திரையும் பேட்டரியும் பொத்தான்களும் கோத்து, கையில் பிடித்து விளையாடுகிற மாதிரி ஒரு கருவி செய்ய வேண்டும்.

இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "எதில் நிறைய கேம் ஓடும்?" நானும் அப்படிக் கேட்டுத்தான் தொடங்கினேன். இரண்டு கருவி கட்டி முடித்து, மூன்றாவதைப் பாதியில் தூக்கிப் போட்ட பிறகு என் கேள்வி மாறிவிட்டது. பலகை படத்தை எந்த வடிவில் வெளியே விடுகிறது, என்ன மின்னழுத்தம் கேட்கிறது, எவ்வளவு தடிமன்: இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும். எத்தனை கேம் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். எப்படியும் நாம் திரும்பத் திரும்ப விளையாடப்போவது அதே ஏழெட்டு கேம்தான்.

அசலையே அறுக்கலாமா?

மேசையில் இல்லாத ஐந்தாவது வழியை முதலில் சொல்லித் தள்ளிவிடுகிறேன். பழைய இயந்திரத்தின் அசல் தாய்ப்பலகையை எடுத்து, வேண்டாததை வெட்டிக் குறைத்து, கைக்குள் அடக்குவது. பென் ஹெக்கண்டார்ன் 2000 வாக்கில் அட்டாரி 2600-ஐ இப்படிக் கையடக்கமாக்கிக் காட்டியதிலிருந்து இந்த ஆசை பலரைத் தொற்றிக்கொண்டது. அட்டாரி 2600, 1977-இல் வந்த கேம் இயந்திரம். உள்ளே முக்கியச் சிப்கள் மூன்றே மூன்று. நினைவகம் 128 பைட். அதைச் சுருக்கலாம்.

1982-இல் வந்த கமடோர் 64 அவ்வளவு சாது இல்லை. அதற்கு 5 வோல்ட் டிசியும் வேண்டும், 9 வோல்ட் ஏசியும் வேண்டும். அந்த ஏசியிலிருந்துதான் 6581 எனும் சிட் ஒலிச்சிப்புக்கான 12 வோல்ட் பிறக்கிறது. பேட்டரியிலிருந்து இதையெல்லாம் உண்டாக்கப் போனால் சூடும் எடையும்தான் மிஞ்சும். அதைவிட முக்கியம், நல்ல சிட் சிப் கிடைப்பது அரிதாகிவிட்டது. ஓடுகிற இயந்திரத்தை ரம்பத்தால் அறுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. செத்துப்போனது கிடைத்தாலும், அதன் சிப்களைக் கழற்றி இன்னொன்றைப் பிழைக்கவைக்கலாம்.

நிண்டெண்டோ வீ என்ற கேம் இயந்திரத்தின் பலகையை உள்ளங்கை அளவுக்கு அறுத்துக் கருவி கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அறுத்த பலகைக்கு 1, 1.15, 1.8, 3.3 வோல்ட் என்று தனித்தனியாக ஊட்ட வேண்டும். பார்க்க அழகான வேலை. ஆனால் முதல் கருவியாக அதைத் தொட வேண்டாம்.

ஜாய்ஸ்டிக்குக்குள் ஒரு கணினி

இப்போது மேசைக்கு வருவோம். சி64 டைரக்ட்-டு-டிவி என்ற ஜாய்ஸ்டிக் 2004 இறுதியில் விற்பனைக்கு வந்தது. சுருக்கமாக டிடிவி. ஜெரி எல்ஸ்வொர்த் என்ற வடிவமைப்பாளர் கமடோர் 64-இன் சிப் கூட்டம் மொத்தத்தையும் ஒற்றைச் சிப்புக்குள் கொண்டுவந்தார். 30 கேம்கள் உள்ளேயே பதிந்திருக்கும். நாலு ஏஏ பேட்டரி போட்டு, வயரை டிவியில் செருகினால் போதும். பொம்மையாக விற்ற பொருள்தான். ஆனால் வடிவமைத்தவர் நம்மைப் போன்ற ஆட்களையும் நினைத்துப் பார்த்திருக்கிறார். பிஎஸ்/2 விசைப்பலகைக்கும் கமடோர் டிஸ்க் டிரைவுக்கும் தேவையான இணைப்புகள் பலகையிலேயே சால்டர் புள்ளிகளாகக் காத்திருக்கின்றன. யாராவது ஒருநாள் திருகைக் கழற்றுவார்கள் என்று தெரிந்தே வைத்ததுதான் அது.

கைக்கருவி கட்டுகிறவனுக்கு இதில் என்ன லாபம்? முதலாவது, மின்சாரம். ஏற்கெனவே பேட்டரியில் ஓடுவதற்கென்றே செய்த பலகை. 5 வோல்ட் ஒன்று கொடுத்தால் வேலை முடிந்தது. இரண்டாவது, சுவிட்சைப் போட்டதும் படம் வந்துவிடும். எதுவும் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது, பொத்தான்கள். ஒவ்வொரு பொத்தானும் பலகையில் இரண்டு புள்ளிகளைத் தொடவைக்கும் வேலையைத்தான் செய்கிறது. அந்தப் புள்ளிகளில் நம் கம்பியைச் சால்டர் செய்துவிட்டால், பொத்தானை எங்கே வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்ளலாம். நிரல் எழுத வேண்டாம்.

எல்லா டிடிவியும் ஒன்றல்ல என்பது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது. முதலில் வந்தது என்.டி.எஸ்.சி (அமெரிக்க டிவி முறை) டிவிக்கானது: 128 கிலோபைட் நினைவகம், கேம்கள் இருப்பது படிக்க மட்டும் முடிகிற, மாற்ற முடியாத ரோமில். 2005 இறுதியில் ஐரோப்பாவுக்கு வந்த பால் (PAL, அங்குள்ள டிவி முறை) பதிப்பில் நினைவகம் 2 மெகாபைட். கேம்கள் இருப்பது ஃபிளாஷில். அதனால் அழித்து நமக்கு வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம். கேட்டால் பால் பதிப்பையே வாங்கத் தோன்றும். ஆனால் அதில் ஒரு தயாரிப்புக் கோளாறு உண்டு. நிறத்தையும் ஒளிர்வையும் உண்டாக்குகிற மின்தடை ஏணிகளில் மின்தடைகள் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. படம் வரும், நிறம் மட்டும் சோகை பிடித்த மாதிரி இருக்கும். கடுகு அளவு மின்தடைகளைக் கழற்றி இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும். மெல்லிய முனையுள்ள சால்டரிங் அயர்னும் உருப்பெருக்கியும் நடுங்காத கையும் இருந்தால் பால், இல்லாவிட்டால் என்.டி.எஸ்.சி.

ஒலியில் ஒரு குறை இரண்டிலும் உண்டு. அசல் சிட் சிப்பின் உயிர் அதன் ஃபில்டர், ஒலியைச் செதுக்கும் சுற்று. டிடிவியில் அது இல்லை. ஒரு சில பாட்டுகளின் பேஸ் (கீழ்க்குரல்) தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். 28 மி.மீ. ஸ்பீக்கரில் யாருக்கும் தெரியாது என்பார்கள். அந்தப் பாட்டுகளோடு வளர்ந்தவருக்குத் தெரியும்.

இன்னொரு சங்கதி, விளையாடிப் பார்க்கும்வரை உறைக்காது. கமடோர் காலத்து ஜாய்ஸ்டிக்கில் சுடும் பொத்தான் ஒன்றே ஒன்று. அதனால் எக்கச்சக்கமான கேம்களில் குதிப்பதற்குக் குச்சியை மேலே தள்ள வேண்டும். குச்சியில் அது இயல்பாக வரும். அதையே கட்டைவிரலால் அழுத்தும் நாலு திசைப் பட்டனுக்கு மாற்றியதும் தகராறு. ஓடிக்கொண்டே குதிக்க மூலைவாட்டில் அழுத்த வேண்டும். பத்துக்கு நாலு முறை குழியில் விழுவோம். தீர்வு ஒரே ஒரு கம்பிதான். 'மேலே' என்ற சுவிட்சுக்கு இணையாக வலதுகைப் பக்கம் இன்னொரு பொத்தானைச் சால்டர் செய்துவிட வேண்டும். அது குதிக்கும் பொத்தான் ஆகிவிடும். பத்து நிமிட வேலை, ஆனால் கருவியின் குணமே மாறிப்போகும். ராஸ்பெரி பையில் இதையே அமைப்புப் பக்கத்தில் செய்யலாம் என்பது வேறு விஷயம்.

எழுத்து ஏன் குழம்புகிறது?

டிடிவியும் டிவி கேம் பலகையும் படத்தைக் காம்போசிட்டாகத்தான் தருகின்றன. ஒற்றைக் கம்பியில் நிறமும் ஒளிர்வும் கலந்து போகும் பழைய முறை. இதை ஏற்கிற சின்னத் திரை என்றால், கார்களில் ரிவர்ஸ் கேமராவுக்கு வைக்கும் திரைதான் எளிதில் கிடைப்பது. 3.5 அங்குலத்திலும் 4.3 அங்குலத்திலும் வரும்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. என்.டி.எஸ்.சி கமடோர் 64 நொடிக்குச் சுமார் 8.18 மில்லியன் புள்ளிகளை வெளியே தள்ளுகிறது. ஒரு புள்ளி வெள்ளை, அடுத்தது கறுப்பு என்று மாறி மாறி வந்தால் அது 4.09 மெகாஹெர்ட்ஸ் அலை. என்.டி.எஸ்.சி-யில் நிறத் தகவல் உட்கார்ந்திருப்பது 3.58 மெகாஹெர்ட்ஸைச் சுற்றி. இரண்டும் தோள் உரசுகிற தூரம். எனவே திரையின் சுற்றுக்கு எது எழுத்தின் விளிம்பு, எது நிறம் என்று பிரிக்கத் தெரியாது. எழுத்தைச் சுற்றி வானவில் ஓடும், அல்லது எழுத்தே மழுங்கும். ஃபேமிகாம் (டிவி கேம்களுக்கு மூலமான நிண்டெண்டோ இயந்திரம்) வகைப் பலகையில் புள்ளி வேகம் 5.37 மெகாஹெர்ட்ஸ்தான், மாறி மாறி வந்தாலும் 2.68. அதனால் அதே திரையில் டிவி கேம் பளிச்சென்றும் கமடோர் கொஞ்சம் கலங்கலாகவும் தெரியும். திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதன் விளைவு என்னவென்றால், டிடிவியில் பறக்கிற, சுடுகிற, ஓடுகிற கேம்கள் நன்றாக இருக்கும். விசைப்பலகை செருகி பேசிக் மொழியில் நிரல் எழுதலாம் என்று கனவு கண்டால், 40 எழுத்து அகலமுள்ள வரியை 3.5 அங்குலத்தில் படிக்கக் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். 4.3 அங்குலம் பரவாயில்லை. அது அகலத்திரை என்பதால் படம் பக்கவாட்டில் இழுபடும், வட்டம் முட்டையாகும். சில திரைகளில் 4:3-க்கு மாற்றும் வசதி மெனுவில் இருக்கும், பலவற்றில் இருக்காது. வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

இந்தத் திரைகள் காருக்கானவை என்பதால் 12 வோல்ட் கேட்கும். 3.7 வோல்ட் செல்லை 12-க்கு உயர்த்தி, திரைக்குள் அது மறுபடி கீழே இறக்கப்படுவது வெட்டி நஷ்டம். ஆகவே உள்ளே நுழைய வேண்டும். பின்மூடியைக் கழற்றினால், மின்சாரம் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் எட்டுக்கால் சிப் ஒன்றும், அதை ஒட்டிக் கறுப்பாக ஒரு சின்னச் சதுரச் சுருளும் தெரியும். 12 வோல்ட் கொடுத்து, மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பலகையின் தரைப்புள்ளியிலும் (கிரவுண்ட்) சிவப்பு முனையைச் சுருளின் சிப்புக்கு எதிர்ப்பக்கத்திலும் வையுங்கள். அங்கே தெரிவதுதான் திரை உண்மையில் குடிக்கும் மின்னழுத்தம். 5 வோல்ட் காட்டினால் அதிர்ஷ்டம்: எட்டுக்கால் சிப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நேராக 5 வோல்ட் ஊட்டலாம். 3.3 காட்டினால் 3.3 மட்டும்தான் ஊட்ட வேண்டும். பின்னொளி தனியாக 12-இலிருந்து போகிறதா என்பதையும் தடம் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.

பாதியில் தூக்கிப் போட்டேன் என்றேனே, அந்தக் கதை இங்கேதான் நடந்தது. அதே மாதிரித் திரையை ஏற்கெனவே ஒன்று 5 வோல்ட்டில் ஓட்டியிருந்தேன். இரண்டாவதையும் அதே இடத்தில் வாங்கினேன். அதே சட்டம், அதே ஸ்டிக்கர். அளக்கவில்லை. உள்ளே இருந்த பலகை வேறு, 3.3 வோல்ட் பலகை. புகைகூட வரவில்லை. வெள்ளையாக ஒருமுறை மின்னியது, அதோடு சரி. வெளியே ஒன்றாக இருப்பதால் உள்ளேயும் ஒன்றாக இருக்கும் என்று இந்தச் சாமான்களில் நம்பக்கூடாது.

கறுப்புப் பொட்டு

டிவி கேம் பலகையைப் பற்றிப் பலருக்கும் இளப்பம். ஃபேமிகாம் 1983-இல் வந்தது. அதன் மொத்தச் சுற்றையும் ஒரே சிப்பில் நகலெடுத்து, மேலே கறுப்புப் பிசின் சொட்டு வைத்து மூடிய பலகைகள் பிற்பாடு மலிந்தன. முதல் கருவி கட்டுகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு கைகாட்டுவது இதைத்தான். பலகை சிறியது. 5 வோல்ட் போதும். பாழாய்ப்போனால் அழ வேண்டியதில்லை. படமும் மேலே சொன்ன கணக்கின்படி சின்னத் திரையில் தெளிவாக விழும்.

சங்கடம் கார்ட்ரிட்ஜ். நம் வாய்க்கு அது கேசட். 60 கால் உள்ள ஃபேமிகாம் கேசட் செருகும் சாக்கெட் இருந்தால் கருவியின் தடிமன் அதிலேயே முடிவாகிவிடும். கேசட்டின் பிளாஸ்டிக் கூட்டைக் கழற்றிப் பலகையை மட்டும் உள்ளே நிரந்தரமாகப் பதிப்பவர்களும் உண்டு. தடிமன் பாதியாகும், ஆனால் அதற்குப்பின் அந்த ஒரு கேசட்தான் வாழ்க்கை.

நகல் என்பதால் நகலுக்குரிய பிசகுகளும் உண்டு. இவற்றில் பலவற்றில் ஒலியை உண்டாக்கும் சதுர அலையின் 25 சதவீத, 50 சதவீத வடிவங்கள் ஒன்றுக்கொன்று இடம் மாறியிருக்கும். மெட்டு அதேதான், குரல் மட்டும் வேறு ஆள் பாடுவது போல இருக்கும். கேசட்டுக்குள் கூடுதல் சிப் வைத்த சில கேம்கள் ஓடவே ஓடாது. இது உறுத்தாது என்பவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. நான் முதலில் கட்டி முடித்தது இதுதான், இன்றும் ஓடுகிறது.

ராஸ்பெரி பை: எல்லாம் முடியும், அதுதான் பிரச்சினை

பை ஜீரோ 2015-இல் வந்தது. அதே அளவில், 65-க்கு 30 மி.மீ., நாலு கோர்களும் 512 மெகாபைட் நினைவகமுமாக ஜீரோ 2 டபிள்யூ 2021-இல் வந்தது. ரெட்ரோபை, லக்கா, ரீகால்பாக்ஸ் என்று தயார் மென்பொருள்கள் இருக்கின்றன. கமடோர், அட்டாரி, ஃபேமிகாம் எல்லாவற்றையும் ஒரே மெமரி கார்டில் போட்டுக்கொள்ளலாம். சொந்தமாக வைத்திருக்கும் கேம்களின் பிரதிகளைப் பற்றித்தான் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

விளையாடுவதுதான் நோக்கம் என்றால் விவாதமே இல்லை, இதை எடுங்கள். ஆனால் வேலை எளிது என்று நினைத்து எடுக்காதீர்கள். சால்டர் வேலை குறையும். அதற்குப் பதில் வேறு வேலை வந்து சேரும்.

திரையிலிருந்து ஆரம்பிக்கலாம். பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் எஸ்.பி.ஐ வழியாகப் பேசும் சின்னத் திரைகள் கண்ணைக் கவரும், நாலைந்து கம்பிதான். 320-க்கு 240 புள்ளி, புள்ளிக்கு 16 பிட் என்றால் ஒரு படத்துக்கு 12,28,800 பிட். நொடிக்கு 60 படம் வேண்டுமானால் சுமார் 7.4 கோடி பிட். 32 மெகாஹெர்ட்ஸில் தள்ளினால் நொடிக்கு 26 படம்தான் தேறும். மாறிய புள்ளிகளை மட்டும் அனுப்பும் தந்திர மென்பொருள் இருக்கிறது. அது நன்றாகவே உதவும். ஆனால் திரை முழுக்க நகரும் கேமில், எல்லாப் புள்ளியும் மாறும்போது, தந்திரம் பலிக்காது. சுட்டு விளையாடும் கேமில் பின்புலம் கிழிவதை அப்போது பார்க்கலாம்.

டி.பி.ஐ என்ற இணைவழித் திரை வேகமானது. அதற்கு ஆகும் விலை கால்கள். பையில் நாம் தொடக்கூடிய ஜி.பி.ஐ.ஓ (உள்ளீடு-வெளியீட்டு) கால்கள் 28. 18 பிட் நிறத்துக்கு 18, ஒத்திசைவுக்கு 4, ஆக 22 போய்விடும். மிச்சம் ஆறு. நாலு திசை, இரண்டு பொத்தான், ஸ்டார்ட், செலக்ட் என்று எண்ணிப் பார்த்தால் எட்டு. ஒலிக்கான கால்களையும் திரையே விழுங்கியிருக்கும். ஆக, பொத்தான்களுக்கு யூ.எஸ்.பி கேம்பேடாக நடிக்கும் ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், ஒலிக்கு ஒரு யூ.எஸ்.பி பலகை, இரண்டையும் சேர்க்க ஒரு ஹப் என்று வால் நீளும். ஒருவேளை காம்போசிட்டே போதும் என்றால், பை ஜீரோவிலும் அதற்கான புள்ளிகள் இருக்கின்றன. என் இரண்டாவது கருவியில் கடைசியில் அங்கேதான் வந்து நின்றேன்: இரண்டு மாதம் திரைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, பழைய ரிவர்ஸ் கேமரா திரையையே மாட்டினேன்.

அப்புறம் தாமதம். பொத்தானை அழுத்தியதை லினக்ஸ் படித்து, பழைய இயந்திரமாக நடிக்கும் மென்பொருளான எமுலேட்டருக்குச் சொல்லி, அது படம் வரைந்து, படம் திரைக்குப் போய்ச் சேர வேண்டும். 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவிநாடி, மூன்று ஃபிரேம் நழுவினால் 50. பொதுவாக யாரும் உணரமாட்டார்கள். விளிம்பில் நின்று கடைசி நொடியில் குதிக்கும் கேமில் கட்டைவிரல் உணரும். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் உள்ள ரன்-அஹெட் வசதி இதைக் குறைக்கும். ஃபேமிகாம் போன்ற லேசான கேம்களுக்கு ஜீரோ 2 டபிள்யூவில் அதற்குத் தெம்பு இருக்கிறது.

கடைசியாக, அணைப்பது. டிடிவியின் சுவிட்சைப் பொசுக்கென்று அணைக்கலாம். பையை அப்படிச் செய்தால் என்றாவது ஒருநாள் மெமரி கார்டு கெட்டுப்போகும். முறையாக அணைக்க ஒரு பொத்தான், அல்லது கார்டைப் படிக்க மட்டும் என்று பூட்டும் ஏற்பாடு, இரண்டில் ஒன்றைக் கட்டாயம் செய்ய வேண்டும். போடும்போதும் காத்திருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தது, ஒரு ஆட்டம் போடலாம் என்று எடுக்கும் கருவிக்கு அந்தக் காத்திருப்பு பெரிய விஷயம்.

எஃப்.பி.ஜி.ஏ பற்றிச் சுருக்கமாக. பழைய சுற்றையே மென்பொருளால் வார்த்து வைக்கும் சிப் அது. துல்லியத்தில் எமுலேட்டரை மிஞ்சும், தாமதமும் சொற்பம். மிஸ்டர் என்ற எஃப்.பி.ஜி.ஏ கேம் திட்டம் ஓடும் டிஇ10-நானோ பலகை கைக்கருவிக்குப் பெரிது, சூடும் அதிகம். டாங் நானோ 20கே மாதிரிச் சின்னப் பலகைகளில் ஃபேமிகாம் நன்றாக ஓடுகிறது. ஆனால் படம் எச்.டி.எம்.ஐ-யாக வருவதால் அதை ஏற்கும் திரைக்கட்டுப்பாட்டுப் பலகை ஒன்று கூட வேண்டும். எஃப்.பி.ஜி.ஏ கைக்கருவியில் விளையாட ஆசை, செய்ய ஆசையில்லை என்றால் 2021-இல் வந்த அனலாக் பாக்கெட்டை வாங்கிவிடலாம். என்னுடையது உறை பிரிக்காமல் கிடப்பதற்குக் காரணம் அதுதான்.

பேட்டரியும் இரைச்சலும்

எந்தப் பலகையை எடுத்தாலும் இந்தப் பகுதி ஒன்றுதான். பழைய பலகைகள் குடிப்பது கொஞ்சம், திரைதான் குடிகாரன். 4.3 அங்குலத் திரை, டிடிவி, ஒலிபெருக்கி மூன்றும் சேர்ந்து என் மீட்டரில் 2 வாட் சொச்சம் காட்டியது. 2,600 மில்லியாம்பியர் மணி உள்ள 18650 வகை லித்தியம் செல் ஒன்றில் 3.7 வோல்ட் கணக்கில் 9.6 வாட்-மணி இருக்கிறது. 5 வோல்ட்டுக்கு உயர்த்துவதில் போகும் நஷ்டத்தைக் கழித்தால் எட்டு. ஆக நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பையை வைத்தால் திரையளவுக்கு அதுவும் குடிக்கும். நேரம் கிட்டத்தட்டப் பாதிக்கு இறங்கிவிடும்.

சார்ஜ் ஏற்ற எல்லோரும் டிபி4056 என்ற சின்னப் பலகையைத்தான் வாங்குகிறோம். பாதுகாப்புச் சிப்பும் சேர்ந்து வருவதாகப் பார்த்து வாங்க வேண்டும். அதன் வெளியீட்டில் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் ஏற்றினால் அது ஏமாந்துவிடும். செல் நிறைந்துவிட்டதா என்று அது கண்டுபிடிப்பது மின்னோட்டம் குறைவதை வைத்து; கருவி தொடர்ந்து இழுத்துக்கொண்டிருந்தால் மின்னோட்டம் குறையவே குறையாது. எளிய வழி, மூன்று கால் சுவிட்ச்: ஒருபக்கம் தள்ளினால் விளையாட்டு, மறுபக்கம் தள்ளினால் சார்ஜ். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும் என்பவர்கள் சுமையைப் பிரித்தளிக்கும் வசதியுள்ள பலகையைத் தேட வேண்டும்.

இரைச்சலைப் பற்றி ஒரு வார்த்தை. ஒலிபெருக்கிக்கு பாம்8403 என்ற சிப்பைப் போட்டு, திரைக்கும் அதற்கும் ஒரே தரைக்கம்பியைக் கொடுத்தால், படம் வெளிச்சமாகும்போதெல்லாம் ஸ்பீக்கரில் கொசு பாடும். தரைக்கம்பியைத் தனித்தனியாக பேட்டரிப் புள்ளிவரை கொண்டுபோனால் கொசு ஓடிவிடும். ஃபில்டர், கெபாசிட்டர் என்று அடுக்குவதற்கு முன்னால் இதைச் செய்து பாருங்கள்.

நான் எடுத்தது

இந்த முறை ஜாய்ஸ்டிக்கைத்தான் திறந்திருக்கிறேன். கமடோர் மேல் பாசம் இல்லாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பழைய சாமானாகத்தான் தேட வேண்டும். கிடைப்பது எந்தப் பதிப்பு என்பதும் அதிர்ஷ்டம். அதே உழைப்பைப் பையில் போட்டால் நூறு மடங்கு கேம் ஓடும். எனக்கு வேண்டியது, சுவிட்சைத் தள்ளியதும் விழித்துக்கொண்டு, தள்ளியதும் தூங்கிவிடும் ஒரு சாமான். பை அதைத் தராது. கறுப்புப் பொட்டுப் பலகை தரும். அதை ஏற்கெனவே கட்டிவிட்டேன்.

பெட்டியை இன்னும் தொடவில்லை. பழைய கேம்பேடின் பலகையை ரம்பத்தால் இரண்டாக அறுத்து, கரிப்பூச்சுத் தொடுமுகங்கள் இருக்கும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு, தடத்தின் பச்சைப் பூச்சைச் சுரண்டி, 30 கேஜ் கம்பியால் டிடிவியோடு இணைத்திருக்கிறேன். இரண்டு துண்டும் ஒரு அட்டைப்பெட்டி மூடி மேல் இரட்டைப்பக்க டேப்பில் ஒட்டிக்கிடக்கின்றன. திரை நடுவில், பேட்டரி அதன் பின்னால். இப்படியே ஒரு வாரமாக விளையாடிக்கொண்டிருக்கிறேன். முதல் நாள் குதிக்கும் பொத்தான் சுடும் பொத்தானுக்கு மேலே இருந்தது. கட்டைவிரல் அவ்வளவு எட்டவில்லை. டேப்பைப் பிய்த்து ஒரு சென்டிமீட்டர் கீழே இறக்கி, கொஞ்சம் இடதுபுறம் சாய்த்து ஒட்டினேன். நேற்று மறுபடி இரண்டு மி.மீ. நகர்த்தினேன். இன்றைக்கு நகர்த்தத் தோன்றவில்லை. நாளைக்கும் தோன்றவில்லை என்றால் ஸ்கேலை எடுத்து அளந்து பெட்டி வரையத் தொடங்கலாம்.